பழவேற்காட்டுத் துணியும் பாடாங் சோறும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுச் சிங்கப்பூர் சென்றிருக்கும் எம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு வினா விடுத்திருந்தார். அவர் தங்கியிருக்கும் தெருவில் இந்தோனேசியக் குடும்பம் ஒன்று சிறியதோர் உணவகத்தைப் புதிதாகத் திறந்திருக்கிறது. லுஹர் தொழுகைக்குப் பின் பகலுணவு உண்ண உடன் பணிபுரிவோர் அங்கே அழைக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் தட்டுகளில் பெரும்பாலானவற்றின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. சிவந்த துவையல் ஒன்றில் கருவாட்டு வாசம் வீசுகிறது. கரிய நிறத்தில் வற்றிக் கிடக்கும் ஒரு கறியில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பது விளங்கவில்லை. அங்கே உண்ணலாமா, தவிர்ப்பதுதான் பேணுதலா என்று கேட்டிருந்தார்.

இதற்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். இறைச்சி எப்படிப்பட்டது, மது கலக்கிறதா என்று கேட்டறிந்து, தெளிவு கிடைத்தால் தாராளமாக உண்ணலாம். ஆயினும் அயல்நாட்டுத் தட்டொன்றை முதன்முதலாகக் காணும்போது நம்மவரிடையே தலைதூக்கும் இருவகைப் பிழைகளை இவ்வினா நினைவூட்டுகிறது. பழக்கமில்லாத உணவை ஐயத்துக்குரியதாகவே கருதி ஒதுக்குவது ஒன்று. நமது உணவைச் சற்றே ஒத்திருக்கும் எதைக் கண்டாலும், 'இது நம்மிடமிருந்து போனதுதான்' என்று உரிமை கொண்டாடுவது மற்றொன்று. பழக்கமின்மை விலக்கலுக்குச் சான்றாகாது. ஒப்புமை உறவுக்குச் சான்றாகாது. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு அந்தப் பகலுணவுத் தட்டைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

பழவேற்காடு தந்ததும் பெற்றதும்

வினா விடுத்தவரின் சொந்த ஊர் பழவேற்காடு. எனவே அங்கிருந்தே தொடங்குவது பொருந்தும். திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், உப்பங்கழியும் கடலும் சேருமிடத்தில் அமைந்த இவ்வூர், இன்று மீன்பிடித் தொழிலுக்கும் வலசை வரும் பறவைகளுக்கும் பெயர்பெற்றது. 16ஆம் நூற்றாண்டிலோ இது சோழமண்டலக் கரையின் தலையாய துறைமுகங்களுள் ஒன்று. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் தங்கியிருந்த போர்ச்சுக்கீசியர் தோமே பீரெஸ், அங்கு வந்திறங்கிய பழவேற்காட்டுத் துணிகளைத் தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் இசைவு பெற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613இல் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கரையில் அக்கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காடே. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமானபோது மீண்டும் இவ்வூரே தலைமையிடமாயிற்று. இறுதியில் 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மிளகும் கிராம்பும் தேடி வந்தவர்களுக்கு அவை விளையாத இந்தக் கழிமுகத்தில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். விடை துணியில் இருக்கிறது. கிராம்பு அக்காலத்தில் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் பண்டாத் தீவுகளுக்கே உரியனவாக இருந்தன. அத்தீவுகளின் மக்கள் தம் விளைபொருளுக்கு ஈடாக விரும்பிப் பெற்றது சோழமண்டலத்துப் பருத்தித் துணியை. வெள்ளிக் காசால் மட்டும் அங்கே வணிகம் செய்ய இயலவில்லை. ஆகவே மலுக்கில் கிராம்பு வாங்க வேண்டுமானால் முதலில் இங்கே நெசவாளரிடம் துணி வாங்கியாக வேண்டும். இந்த ஏற்பாட்டின் முதல் கண்ணியாக நின்றது பழவேற்காடு.

அதன் சுவடு இன்றும் அழியவில்லை. மலாய், இந்தோனேசிய ஆடவர் இடுப்பில் உடுத்தும் கட்டம் போட்ட பருத்திக் கைலிக்கு அவர்களது மொழியில் 'பெலிகாட்' அல்லது 'பெலெகாட்' என்று பெயர். அது பழவேற்காட்டின் பெயரே. நம்மூரில் பளையகாட் கைலி என்று கேட்டு வாங்குவதும் அதே பெயரைத்தான். ஜாவாவின் மத்ரஸா மாணவர் தொழுகைக்கு உடுத்திச் செல்லும் கைலி வகையின் பெயரில் திருவள்ளூர் மாவட்டத்து ஊர் ஒன்று ஒளிந்திருக்கிறது.

இவ்வணிகத்தின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் வாடிய சோழமண்டல மக்களைக் கம்பெனி அடிமைகளாக வாங்கிப் பழவேற்காட்டிலிருந்து கப்பலேற்றியது. அவர்களில் பெரும் தொகையினர் சென்று சேர்ந்த இடம் 1619இல் டச்சுக்காரர் நிறுவிய பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. 1621இல் அதே கம்பெனி பண்டாத் தீவுகளைக் கைப்பற்றியபோது, அத்தீவு மக்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டோ, பட்டினியால் மாண்டோ, அடிமைகளாக்கப்பட்டோ ஒழிந்தனர். நம் பிரியாணியில் மணக்கும் ஜாதிபத்திரிக்குப் பின்னால் இத்தகைய வரலாறும் உண்டு.

டச்சுக்காரருக்கு வெகு முன்பே தமிழ் வணிகர் அக்கடலில் சென்றுவந்தனர். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்னும் ஊருக்கருகே, லோபு துவாவில், ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பாருஸ் கற்பூரத்துக்குப் புகழ்பெற்ற துறை. அரபு ஆசிரியர்கள் அதனை 'ஃபன்ஸூர்' என்றும், அங்கிருந்து வந்த உயர்ந்த கற்பூரத்தை 'காஃபூர் ஃபன்ஸூரி' என்றும் எழுதினர். திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் சுவனத்துப் பானத்தோடு சேர்த்துக் கூறப்படும் 'காஃபூர்' என்னும் சொல்லின் வேர், கற்பூரத்தைக் குறிக்கும் 'காப்பூர்' என்ற மலாய்ச் சொல்லோடு உறவுடையது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து.

இன்று எண்ணூரின் காமராசர் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரியில் இந்தோனேசிய நிலக்கரியும் உண்டு. நம் அடுப்படிப் பாமாயிலில் பெரும்பங்கு அந்நாட்டு மரங்களிலிருந்து வருவதே. அந்நாட்டின் சோறும் கறியும் மட்டுமே நமக்கு இன்னும் அயலாக இருக்கின்றன.

தட்டில் உள்ளவை

இந்தோனேசியா என்பது பல்லாயிரம் தீவுகளின் நாடு. ஆகவே 'இந்தோனேசிய உணவு' என்று ஒன்றைச் சுட்டுவது, 'இந்திய உணவு' என்று ஒன்றைச் சுட்டுவது போன்றதே. எனினும் வெளிநாடுகளில் நாம் மிகுதியாகக் காணும் சிறு உணவகங்கள் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய 'பாடாங்' வகையைச் சேர்ந்தவை. பொருளீட்ட ஊர்விட்டுச் செல்வது அம்மக்களின் நெடுநாள் வழக்கம். அதனை 'மெரான்தாவ்' என்பர். நம் கடற்கரை ஊர்களில் சபுராளிகள் எப்படியோ, அங்கே மெரான்தாவ் சென்றவர்கள் அப்படி. அவர்கள் சென்ற ஊரெல்லாம் பாடாங் உணவகம் முளைத்தது.

காலையிலேயே எல்லாவற்றையும் சமைத்துக் கண்ணாடிப் பேழையில் அடுக்கிவிடுவது இவ்வகை உணவகத்தின் முறை. சோறு மட்டும் சூடாக இருக்கும், கறிகள் ஆறியிருக்கும். இதனைப் பழைய உணவு என்று எண்ணிவிடக் கூடாது. அம்முறைக்கு ஏற்றவாறே அக்கறிகள் சமைக்கப்படுகின்றன.

நம் மாணவர் கண்ட கரிய கறி பெரும்பாலும் 'ரெண்டாங்' ஆக இருக்கும். பெரிய இறைச்சித் துண்டுகளைத் தேங்காய்ப்பாலில், அரைத்த மிளகாய், சிறிய வெங்காயம், பூண்டு, இஞ்சி, அரத்தை, மஞ்சள் இலை, எலுமிச்சைப் புல் ஆகியவற்றோடு பல மணி நேரம் மெல்லிய தீயில் வைப்பார்கள். முதலில் அது தளர்ந்த குழம்பாக இருக்கும். அந்நிலையில் அதன் பெயர் 'குலாய்'. நீர் வற்றித் திரண்டு பழுப்பேறும்போது 'காலியோ'. தேங்காய்ப்பால் முழுவதும் எண்ணெயாகப் பிரிந்து, அந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபட்டுக் கருத்த பின்னரே அது ரெண்டாங். நீர் அற்றுப்போவதால் அது எளிதில் கெடுவதில்லை. நெடும்பயணம் செல்வோர் கட்டுச்சோற்றோடு எடுத்துச் செல்ல ஏற்றதாயிற்று.

நம் சமையலுக்கும் அவர்களது சமையலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படுகிறது. நாம் மல்லியையும் மிளகாயையும் வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்கிறோம். அவர்கள் பச்சையாக உள்ள வேரையும் இலையையும் அன்றன்றைக்கு அம்மியில் அரைக்கிறார்கள். அவ்விழுதுக்குப் 'பும்பு' என்று பெயர். அரத்தை நமக்கு நாட்டு மருந்துக் கடைச் சரக்கு, இருமலுக்கு நினைவுக்கு வருவது. அவர்களுக்கு அதன் இனமே அன்றாடச் சமையற்கட்டின் பொருள். தேங்காய்ப்பால் இரு கரைக்கும் பொது.

வேர்க்கடலைக் குழம்பை வேகவைத்த காய்கறிகளின் மேல் ஊற்றித் தருவது 'காடோ காடோ'. சோயா அவரையை வேகவைத்து, ஒருவகைப் பூஞ்சைக் காளானால் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது 'தெம்பே'. வெண்பூஞ்சை படர்ந்த அந்தக் கட்டியைப் பார்த்து முகம் சுளிப்பவர், நாள்தோறும் புளித்த மாவில் இட்லி அவிப்பவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் நுண்ணுயிர்கள்தாம் வேலை செய்கின்றன.

சிவந்த துவையலின் பெயர் 'சம்பல்'. இலங்கை வாசகருக்கு இச்சொல் புதிதன்று. டச்சுக்காரர் ஆட்சியில் படைவீரராகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் ஜாவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் இலங்கைக்கு வந்த மலாய் மக்களின் வழியாக அங்கே நிலைத்த சொல் என்று அதனைக் கருதுவர். நம் மாணவருக்கு எட்டிய கருவாட்டு வாசம் 'தெராசி'யினுடையது. சிறு இறால்களை உப்பிட்டு, உலர்த்தி, இடித்துப் புளிக்கவைத்த கட்டி அது. இதனைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

மிளகாய் குறித்து ஒரு சொல். அது அமெரிக்காக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் நம் இரு கரைகளுக்கும் வந்தது. புதிய காயைக் கண்ட நம் முன்னோர் மிளகை நினைந்து 'மிளகாய்' என்றனர். இந்தோனேசியரோ தம் நாட்டுத் திப்பிலியைக் குறித்த 'சாபே' என்னும் பெயரையே அதற்கும் இட்டனர். ஒருவரையொருவர் பார்த்துச் செய்ததன்று; ஒரே தேவைக்கு ஒரே விதமாகத் தோன்றிய விடை.

சொற்கள் சொல்லும் சான்று

உணவு எங்கிருந்து எங்கே சென்றது என்பதை உருவத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. சொல்லும் ஆவணமும் சேர்ந்து சான்று பகர வேண்டும்.

உறுதியாகச் சொல்லத்தக்கவை சில உண்டு. இந்தோனேசிய மொழியில் கடைக்குக் 'கெடாய்', கப்பலுக்குக் 'காப்பால்', பெட்டிக்குப் 'பெத்தி', வணிக முதலுக்கு 'மோடால்'. இவை தமிழ் வணிகரோடு சென்ற சொற்கள். மாவுப்பசையைக் 'காஞ்சி' என்பதும், குழம்பைக் 'காரி' என்பதும் அவ்வாறே. ஊரின் மார்க்கப் பணியாளரை மலாய் மக்கள் 'லெபாய்' என்று அழைப்பதில் நம் லெப்பைமாரின் நினைவு நிற்கிறது.

இரு கரையும் மூன்றாமவரிடம் பெற்றவையும் உண்டு. விருந்துணவுக்கு அங்கே 'கெந்துரி' என்று பெயர்; நாம் கந்தூரி என்கிறோம். இரண்டும் உணவு விரிப்பைக் குறித்த 'கந்தூரி' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. ஜாவாவில் அவ்விருந்தின் முடிவில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுப் பொதிக்குப் 'பெர்காத்' என்று பெயர். அது அரபியின் 'பரக்கத்' என்பது சொல்லாமலே விளங்கும். 'மார்தாபாக்' என்பது 'மடித்து அடுக்கப்பட்டது' என்று பொருள்படும் 'முதப்பக்' என்ற அரபுச் சொல். நம் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் அதனையே முர்தபா என்கிறோம்.

அங்கிருந்து இங்கு வந்தவையும் உண்டு. கீழக்கரையின் பெயர்பெற்ற தொதல், தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்துக் கிளறுவது. ஜாவா, சுமத்ராவில் அதனை ஒத்த இனிப்பின் பெயர் 'டோடோல்'. பெயரும் பொருளும் செய்முறையும் ஒருங்கே ஒத்துவருவதால், இலங்கை மலாய் மக்களின் வழியாக அது நம் கரையை அடைந்தது என்பது வலுவான கருத்தாகும்.

இனி எச்சரிக்கைக்கு உரியவை. ஜாவாவில் ஷஅபான் மாதத்தில் 'அப்பெம்' என்னும் பணியாரத்தைச் செய்து அண்டை அயலாருக்கு வழங்குவர். அப்பெயர் மன்னிப்பைக் குறிக்கும் 'அஃப்வ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று அங்குள்ள மக்கள் அழகாக விளக்குகின்றனர். கேட்க இனிமையாக இருந்தாலும், சொல்லாய்வு அதனைத் தமிழ் ஆப்பத்தோடுதான் சேர்க்கிறது. நாமும் இதே ஆசைக்கு ஆளாவதுண்டு. 'சாத்தே' என்ற சுட்ட இறைச்சியைத் தமிழ்ச் 'சதை' என்று சிலர் சொல்வர். அது இன்னும் நிறுவப்படவில்லை. இட்லியின் செய்முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா கருதினார், அதற்கும் உறுதியான ஆவணம் இல்லை. நமக்குப் பெருமை தருவதை ஏற்றுக்கொண்டு மற்றதை மறுப்பது ஆய்வாகாது. இரண்டையும் நிறுத்திவைப்பதே முறை.

மற்றும், ரெண்டாங் மினாங்கபாவ் மக்களின் சொந்த ஆக்கம். 'கேச்சாப்' என்ற சோயாச் சாறும், 'மீ' என்ற நூலுணவும், 'தாஹு' என்ற சோயாக் கட்டியும் சீனர் தந்தவை. ஒரே தட்டில் இத்தனை பேரின் கை பட்டிருக்கிறது.

ஹலால் என்ற அளவுகோல்

இப்போது வினாவின் மையத்துக்கு வருவோம். பழக்கமில்லாததும் விலக்கப்பட்டதும் வேறுவேறு என்பதற்கு நபிகளார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே தெளிவான முன்மாதிரி உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் உடும்பிறைச்சி பரிமாறப்பட்டபோது நபிகளார் அதனைத் தொடவில்லை. அது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) வினவ, இல்லை, தம் மக்களின் நிலத்தில் அது இல்லாததால் மனம் கொள்ளவில்லை என்ற கருத்தில் விடையளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் பார்த்திருக்கவே அதனை உண்டார். புகாரி, முஸ்லிம் இருவரும் பதிவு செய்த இந்நிகழ்ச்சி, நாவின் விருப்பத்தை மார்க்கத் தீர்ப்பாக்கிவிடக் கூடாது என்பதை உணர்த்துகிறது. தெம்பே பிடிக்கவில்லையெனில் விட்டுவிடலாம். அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

தெராசியைப் பற்றிய வினா இதனினும் நுட்பமானது. இந்தோனேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். 1345ஆம் ஆண்டளவில் சுமத்ராவின் ஸமுத்ரா நகருக்குச் சென்ற இப்னு பதூதா, அங்கிருந்த சுல்தான் அம்மத்ஹபைப் பின்பற்றியதைப் பதிவு செய்திருக்கிறார். அம்மத்ஹபில் இறால் ஐயமின்றி ஆகுமானது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈக்களுக்கும் அவ்வாறே. ஆனால் தமிழகத்தின் உள்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். ஹனஃபி மத்ஹபில் நீர்வாழ் உயிர்களுள் மீன் மட்டுமே ஆகும். அப்படியாயின் இறால் மீனா என்பதே கேள்வி.

இது மொழியைச் சார்ந்த கேள்வி என்பதைக் கவனிக்க வேண்டும். அரபியில் இறாலுக்கு 'இர்பியான்' என்றும் 'ரூபியான்' என்றும் பெயர். பழைய அரபு அகராதிகள் அதனை மீன் வகைகளுள் ஒன்றாகவே குறித்தன. அதனை ஏற்ற ஹனஃபி அறிஞர்கள் இறாலை ஆகுமென்றனர். உடலமைப்பை நோக்கி, அது மீன் அன்று என்று கண்ட அறிஞர்கள் தவிர்க்கச் சொன்னார்கள். நம் மக்களும் பேச்சில் 'இறால் மீன்' என்று சொல்வதுண்டு. பழவேற்காட்டு உப்பங்கழியின் இறாலைப் பிடித்து வாழும் குடும்பங்களுக்கு இந்தக் கருத்து வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. தவிர்க்கும் பக்கத்தைப் பின்பற்றும் ஹனஃபி ஒருவர், சம்பலை மட்டும் விலக்கிவிட்டுப் பிற உணவை உண்ணலாம். ஆயினும் தெராசி சம்பலில் மட்டுமன்றிச் சில கீரைக் குழம்புகளிலும் வறுத்த சோற்றிலும் கலந்திருக்கும் என்பதை அறிந்து கேட்க வேண்டும். அண்டையில் அமர்ந்து அதனை உண்ணும் ஷாஃபிஈயைக் குறைவாக எண்ணவும் கூடாது.

அடுத்தது, 'இந்தோனேசியர் முஸ்லிம்கள்தாமே, எதையும் கேட்க வேண்டியதில்லை' என்ற எண்ணம். இதுவும் சரியன்று. அந்நாட்டில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். எஞ்சியோருக்கும் தத்தம் உணவு மரபு உண்டு. பாலியின் இந்துக்களும், வடசுமத்ராவின் பத்தாக் கிறிஸ்தவர்களும் பன்றியிறைச்சி உணவுகளுக்குப் பெயர்பெற்றவர்கள். சீன முறையில் செய்யும் வறுத்த சோற்றிலும் நூலுணவிலும் 'அங் சியு' என்ற சமையல் மதுவைச் சேர்ப்போர் உண்டு. அரிசியையோ மரவள்ளியையோ புளிக்கவைத்த 'தாப்பே' என்ற இனிப்பில் இயல்பாகவே சிறிது ஆல்கஹால் உண்டாகும். இத்தகையவற்றை ஆராய்ந்த இந்தோனேசிய உலமா பேரவை, 2018இல் வெளியிட்ட ஃபத்வாவில் புளிக்கவைத்த பானங்களுக்கு 0.5 விழுக்காடு என்ற எல்லையை வகுத்தது.

அந்நாட்டினரே இவ்விஷயத்தை எவ்வளவு கவனமாக எடுத்துக்கொண்டனர் என்பது அறியத்தக்கது. 1988இல் சந்தைப் பொருள்களில் பன்றிக் கொழுப்புக் கலந்திருப்பதாகப் பெரும் அச்சம் பரவியது. அதன் விளைவாக, உணவுப் பொருள்களை ஆராயும் நிறுவனம் ஒன்றை உலமா பேரவை 1989இல் அமைத்தது. 2014இல் 33ஆம் எண் கொண்ட ஹலால் பொருள் உத்தரவாதச் சட்டம் இயற்றப்பட்டது. உணவு, பானங்களுக்கு ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்கும் விதி நடுத்தர, பெரிய நிறுவனங்களுக்கு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது; சிறு நிறுவனங்களுக்கு 2026 அக்டோபர்வரை காலம் நீட்டிக்கப்பட்டது. ஹலால் அல்லாத பொருள்களை அச்சட்டம் தடை செய்யவில்லை. அவற்றின் மேல் அவ்வாறு குறிக்க வேண்டும் என்கிறது. மறைக்காமல் சொல் என்பதே அதன் சாரம். சிங்கப்பூரில் அந்நாட்டு இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கிவருகிறது. புதிதாகத் திறந்த சிறுகடையில் அச்சான்றிதழ் இன்னும் தொங்காமல் இருக்கலாம். அதனாலேயே அக்கடை ஹராம் ஆகிவிடாது. கேட்டறியும் பொறுப்பு நம்மைச் சேர்கிறது.

கேட்பதற்குச் சில சொற்கள் உதவும். 'ஆயாம்' என்றால் கோழி, 'காம்பிங்' ஆடு, 'சாப்பி' மாடு, 'ஈக்கான்' மீன், 'ஊடாங்' இறால், 'சாயுர்' காய்கறி, 'பாபி' பன்றி. 'ஹலால்', 'ஹராம்', 'மக்ரூஹ்', 'முபாஹ்' ஆகிய சொற்கள் அங்கும் அவையே. இறைச்சி எங்கிருந்து வருகிறது, சமையலில் மது சேர்கிறதா, பொரிக்கும் எண்ணெய் பிறவற்றுக்கும் பயன்படுகிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். அவற்றையும் புன்முறுவலோடு கேட்க வேண்டும். விசாரணை செய்வது போலன்று.

தொட்டதற்கு மட்டும் விலை

பாடாங் உணவகத்தின் பரிமாறும் முறை தனியே குறிப்பிடத்தக்கது. சிறு கடைகளில் நாம் சுட்டிக்காட்டுவதைச் சோற்றின் மேல் வைத்துத் தந்துவிடுவர். சற்றுப் பெரிய கடைகளிலோ, அமர்ந்தவுடன் கேளாமலே பத்துப் பதினைந்து சிறுதட்டுகளைக் கொண்டுவந்து பரப்பிவிடுவர். இதற்கு 'ஹிதாங்' என்று பெயர். முதன்முறை செல்பவர் இத்தனைக்கும் விலை கொடுக்க வேண்டுமோ என்று திகைப்பார். அஞ்ச வேண்டியதில்லை. உண்டதற்கு மட்டுமே விலை. தொடாத தட்டுகள் திரும்பிச் செல்லும், அடுத்தவருக்குப் பரிமாறப்படும்.

இதில் இருபுறமும் அமானிதம் அடங்கியிருக்கிறது. உண்டதை மறைக்காமல் சொல்வது உண்பவரின் கடமை. உண்ணாததைக் கணக்கில் சேர்க்காதிருப்பது கடைக்காரரின் கடமை. அடுத்தவருக்குச் செல்லவிருக்கும் தட்டில் விரலையோ கரண்டியையோ இட்டுச் சுவை பார்த்துவிட்டு, 'வேண்டாம்' என்று தள்ளுவது மூன்றாமவருக்கு இழைக்கும் தவறு. விலையை முன்கூட்டிப் பேசாமல் நடக்கும் இத்தகைய கொடுக்கல் வாங்கலை ஃபிக்ஹு நூல்கள் 'முஆதாத்' என்ற தலைப்பில் ஆராய்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபின் பழைய தீர்ப்பு வாய்மொழி ஒப்பந்தத்தை வற்புறுத்தினாலும், மக்களின் வழக்கம் எதனை விற்பனையென்று கருதுகிறதோ அது செல்லும் என்ற கருத்தையே இமாம் நவவீ (ரஹ்) தேர்ந்துகொண்டார். ஆயினும் பின்னர் மனத்தாங்கல் நேராதிருக்க, ஒவ்வொன்றின் விலையையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கைகழுவச் சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார்கள். சில கடைகளில் அதில் எலுமிச்சைத் துண்டும் மிதக்கும். அது பருகுவதற்கன்று. வலக்கையால் பிசைந்து உண்பது அங்கும் இயல்பு. கரண்டி கேட்டாலும் தருவார்கள். ரெண்டாங் ஒரு துண்டு, கீரை ஒன்று, சோறு என்று அளவாகத் தொடங்கி, பிடித்தால் மற்றொரு நாள் வேறொன்றைச் சுவைப்பது முதன்முறை செல்பவருக்கு ஏற்றது. கடை புதிது, சிறிது. நடத்துவது ஒரு குடும்பம். கூட்டம் குறைந்த நேரத்தில் சமைத்தவரிடமே பெயரும் செய்முறையும் கேட்டால் மகிழ்ந்து சொல்வார்.

அயலூரில் பிழைக்கச் சென்ற நம் இளைஞர்களுக்கு உணவு வயிற்றுப்பாடு மட்டுமன்று; எந்த வாசலில் தயங்காமல் நுழையலாம் என்ற மனப்பாடும் ஆகும். அறியாமல் ஒதுக்குபவர் தம் சகோதரரின் விருந்தை இழக்கிறார். ஆராயாமல் உண்பவர் தம் பேணுதலை இழக்கிறார். இரண்டுக்கும் நடுவே இருப்பது கேட்டறிந்து உண்ணும் வழி. அந்த வழியில் சென்று அமரும் பழவேற்காட்டு இளைஞர், பரிமாற வருபவர் கட்டியிருக்கும் கைலி எந்த ஊர்ப் பெயரைத் தாங்கியது என்பதையும் சொல்லிவைக்கலாம். பேச்சுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.